குழலில் ஓட்டை இல்லை

என் வீட்டுக்காரரின் நோயை முதலில் காட்டிக்கொடுத்தது குமுட்டி அடுப்பின் கரிநெருப்பு.

பெக்கோக் கடைத்தெருவில் அவர் பத்தர் (பொன் வேலை செய்பவர்). அன்று காலை ஒரு மூக்குத்தியைப் பற்றவைக்க ஊதுகுழலை வாயில் வைத்தார். தீ நிமிரவில்லை. கரியில் எச்சில் விழுந்து சுர்ரென்றது. "குழல்ல எங்கேயோ ஓட்டை விழுந்திருச்சு" என்று வேறு குழலை எடுத்தார். அதுவும் சரியில்லை. கம்பி விட்டுக் குடைந்தார், என்மேல் எரிந்து விழுந்தார். நானும் குழலைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்தேனே தவிர, அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோது வலப்பக்க வாயோரம் தொங்கிக் கிடந்தது. கையிலிருந்த குறடு நழுவி விழுந்தது.

ரயிலேற்றிச் சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு உடம்பில் ஒரு பக்கம் விழுந்துபோவது) என்றார் தமிழ் டாக்டர்.

"பெரிய மருந்துன்னு ஒண்ணும் இல்லம்மா. கைகாலைப் பிடிச்சு விடுங்க. பேச்சு திரும்பிடும். கை வருமான்னு சொல்ல முடியாது."

"ஊத வருமாங்க?" என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கச் சொல்கிறேன். எங்கள் கடைக்குட்டி செல்லத்துக்குத் தை மாதம் கல்யாணம். அதற்கு முன் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் பொன்னை எல்லோர் முன்னாலும் உருக்கினால்தான் அது தாலிக்கு ஆகும். மூத்த பெண்கள் இரண்டு பேருக்கும் இவரே உருக்கினார். சுற்றுவட்ட ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டும் பெண்கள் பாதிப்பேர் கழுத்தில் கிடப்பது இவர் உருக்கிய பொன்தான். எனக்கும் இவரேதான். மாப்பிள்ளையே தாலி செய்வதா என்று என் சித்தப்பா குதித்தாராம். "வேற எவன் வேலையையும் நான் நம்ப மாட்டேன்" என்று இவர் அவர் வாயை அடைத்துவிட்டார். அப்படிப்பட்ட மனுஷன். வெள்ளிக்கிழமையானால் மூன்று பெண்களுக்கும் அவரே உட்கார்ந்து தலை பின்னிவிடுவார். நான் பின்னினால் கோணலாம்.

வீட்டுக்கு வந்தபின் பட்டது கொஞ்சமா? கஞ்சி ஊட்டினால் பாதி நெஞ்சில் வழியும். துடைக்கணும், புரட்டணும், துவைக்கணும். உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிப் படுத்திருந்தால் ஒன்று சொல்கிறேன்: எரிச்சல் வரும், வந்தால் வரட்டும். சட்டியை நங்கென்று வைத்துவிட்டுப் போய், பின்கட்டில் நின்று அழுதிருக்கிறேன். திரும்பி வந்து மறுபடி ஊட்டியிருக்கிறேன்.

பேச்சு குழறலாக வந்தது. வலது கை வரவில்லை. அதைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. தட்டில் உமியைப் பரப்பி, குழலை இடது கையில் பிடித்துத் தினமும் ஊதிப் பார்ப்பார். காற்றெல்லாம் வாயோரமாகப் போய்விடும். உமி அசையாது. மூத்த மருமகனும் பத்தர்தான். "நான் உருக்குறேன் மாமா, நீங்க பக்கத்துல உட்காருங்க போதும்" என்றார். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எம் புள்ளைக்கு… நாந்தான்" என்றார் என்னிடம்.

"உமியே பறக்கலீங்க, பொன்னு உருகுமா?" என்றேன். அலுப்பில் வந்த வார்த்தை.

பொன்னுருக்கு நாளும் வந்தது. இரண்டு பேர் தாங்கி அவரைக் குமுட்டி முன் உட்கார வைத்தார்கள். மருமகன் பொன்னை மூசையில் (பொன் உருக்கும் சின்ன மண்கிண்ணம்) போட்டுக் கரியில் வைத்தார். இவர் ஊதினார். எச்சில் தெறித்தது. மறுபடி ஊதினார். தீ தள்ளாடியது. மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைக் கனைத்து, "நேரம் போவுது பத்தரே, மருமகன்கிட்ட குடுங்களேன்" என்றார். செல்லம் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. சம்பந்தி வீட்டார் முன் புருஷன் பக்கத்தில்கூட உட்காராதவள் நான். போய் உட்கார்ந்து, அவருடைய வலப்பக்க வாயோரத்தை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப ஊதுங்க."

தீ எழுந்து நின்றது. அவர் மூச்சு என் விரலில் முட்டியது. விட்டால் போச்சு என்று பிடித்தேன். மூசைக்குள் பொன் இளகி, உருண்டு, கண் திறந்தது போல மின்னியது. யாரோ குலவையிட்டார்கள். நான் விரலை எடுக்கவில்லை. அவர்தான் தலையைச் சாய்த்து, "போதும்டி" என்றார்.

அந்தப் பொன்னைத் தட்டித் தாலியாக்கியது மருமகன். கல்யாணத்தை இவர் நாற்காலியில் இருந்தபடி பார்த்தார். அடுத்த மழைக்காலத்தில் வாதம் இரண்டாம் முறை வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார். எனக்காக அவர் உருக்கியதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற செல்லம் நேற்று அடுப்படியில் நின்று என்னையே பார்த்தாள்.

"வாய் வலிக்குதாம்மா?"

"இல்லையே, ஏன்?"

"அடுப்பு ஊதுறப்பல்லாம் வாயோரத்தைப் பிடிச்சுக்குறீங்களே."

கையைப் பார்த்தேன். இரண்டு விரலும் என் வலப்பக்க வாயோரத்தில்தான் இருந்தன. எடுத்துவிட்டு ஊதினேன். தீ நன்றாகத்தான் எழுந்தது. எனக்குத்தான் மூச்சு போதவில்லை.