பச்சை விளக்கை நம்பி முந்தினேன்

வண்டி சட்டென வேகமெடுக்கும், பிக்கப் கூடும் என்ற விளம்பரத்தை நம்பி, ஆன்லைனில் மலிவாக ஒரு சிப் வாங்கி என் பழைய காரில் செருகினேன். அதில் பச்சை விளக்கு மினுங்கியதும் எனக்கே பத்து வயது குறைந்துவிட்டது.

அடுத்த வாரம் மனைவியோடு நாகப்பட்டினம் போகையில், சாலையை அடைத்தபடி முன்னால் வைக்கோல் டிராக்டர். சிப் இருக்கும் தைரியத்தில் முந்தினேன். எதிரே பஸ்! எவ்வளவு மிதித்தும் வண்டி பழைய வேகத்தில்தான் போனது. டிரைவர் பஸ்ஸைச் சாலையோர மண்ணில் இறக்கியதால் பிழைத்தோம்.

"ஏங்க, பிக்கப் கூடினது உங்களுக்குத்தான், வண்டிக்கு இல்ல!" என்றாள் மனைவி.

ஊர் திரும்பியதும் எங்கள் மெக்கானிக் சிப்பைப் பிரித்துக் காட்டினார். "வெளக்கு மினுக்கிறதத் தவிர இதுக்கு வேற வேலையே இல்லண்ணே."

இப்போதெல்லாம் அவரைக் கேட்காமல் வண்டிக்கு எதுவும் வாங்குவதில்லை. எதிரே சாலை காலியாகத் தெரியாமல் முந்துவதுமில்லை. என் பேச்சைக் கேட்டு அதே சிப்பை மாட்டியிருந்த முத்துப்பேட்டை சகலையின் காரிலிருந்து, மெக்கானிக் சொன்ன அன்றைக்கே நேரில் போய் அதைப் பிடுங்கி எறிந்தேன்.