ஞானம் அன்ரியின் வெள்ளிக்கிழமைகள்

பாஸ்டர் பலமுறை கேட்டும் மேடையேறிச் சாட்சி சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை நானே வைத்துக்கொண்டிருந்தால் நெஞ்சு பொறுக்காது. அன்பான சபையாரே, பொறுமையாக வாசியுங்கள்.

நான் நாகர்கோவில்காரி. மெல்பேர்ன் வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. மருத்துவமனையில் நர்ஸ் வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். கிரான்பர்னில் சின்ன யூனிட் ஒன்றில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய், அந்தக் கேள்வி வரக்கூடிய வீடுகளுக்கே போவதை நிறுத்திவிட்டேன். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வருவேன். கடைசி வரிசையில் உட்காருவேன். நீங்கள் எல்லோரும் டீ குடிக்கும்போது நான் காரில் பாதி வழி போயிருப்பேன்.

நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்காக மேல்படிப்பில் சேர்ந்தேன். அதை முடித்தால் நோயாளியை நானே பரிசோதித்து மருந்தும் எழுதிக் கொடுக்கலாம். அதில் மருந்தியல் பாடம் படாத பாடு படுத்தியது. எந்த மருந்து உடம்பில் என்ன செய்யும், எது எதனோடு சேர்ந்தால் ஆபத்து, ஒன்று இன்னொன்றின் அறிகுறியை எப்படி மறைக்கும் என்று படித்துக்கொண்டே இருந்தேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். வாய்மொழித் தேர்வில் தோற்றேன். எல்லாம் தெரியும். ஆனால் எதிரே இருவர் உட்கார்ந்து கேட்டபோது வாய் ஒட்டிக்கொண்டது. வீட்டில் யாரோடும் பேசாமலே நாளைக் கடத்துகிறவளிடம் திடீரென்று பேசு என்றால் எங்கிருந்து வரும்?

இன்னும் ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதிலும் தோற்றால் படிப்பு அத்தோடு முடிந்தது. தோல்வியை விட, தோற்றேன் என்று சொல்லி அழ ஒரு ஆள் இல்லையே என்பதுதான் என்னை வாட்டியது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அண்ணனுக்கு போன் செய்தால், "அங்கே குளிரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

போன வருடம் ஜூலைக் குளிரில் ஒரு நாள், மத்தியானம் எழுந்து சோறு வடித்துச் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு வாய் கூட இறங்கவில்லை. அழுகை வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, பாஸ் பண்ண வையும்னு கேட்கல. இந்த ஊர்ல என்னை நினைக்கிற ஒரே ஒரு ஆளைக் காட்டும். அப்படி யாரும் இல்லேன்னா அதையும் சொல்லிடும். நான் ஊருக்கே போயிடறேன்" என்றேன். கோபத்தோடுதான் ஜெபித்தேன். பதில் எதுவும் வரவில்லை. தேர்வுக்கு முந்தின வாரமும் வந்துவிட்டது. சரி, இதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, ஊருக்குப் போகப்போகிறேன் என்று பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வர, நாம் வாடகைக்கு எடுக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனேன். பெண்களின் உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஹீட்டர் பழுது. எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றாமல் முழங்காலில் இருந்தார்கள். ஜெபம் முடியட்டும் என்று பின்னால் உட்கார்ந்தேன்.

முன்னால், இலங்கைக்காரரான ஞானம் அன்ரி இருந்தார். அவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் அவ்வளவாகப் பழக்கமில்லை. நம் சபையில் ஒருவர் நர்ஸ் என்று தெரிந்தால் போதும், கைப்பையிலிருந்து மாத்திரை வெளியே வந்துவிடும். அன்ரியும் ஒரு முறை கார் நிறுத்துமிடத்தில் என்னை மடக்கி, "பிள்ளை, இந்தக் குளிசையெல்லாம் என்னத்துக்கு?" என்று ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டியிருந்தார். சர்க்கரைக்கு ஒன்று, இருதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் ஒன்று. இரண்டும் என் பாடத்தில் இருந்ததால் மனதில் நின்றுவிட்டன.

அன்று அன்ரியின் குரல் ஏறியது. பிறகு குழறியது. பக்கத்தில் இருந்தவர்கள் "அல்லேலூயா" என்று சேர்ந்துகொண்டார்கள். அன்ரி ஆவியில் நிறைந்து ஜெபிக்கிறார் என்று நினைத்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் குளிரில் அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வகைச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும். இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அந்த இரண்டையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "அன்ரி, நான் யாரு சொல்லுங்க?"

"என்னை விடும்! நீர் ஆர்?" என்று சீறினார். யாரிடமும் சத்தம் போடாதவர்.

"சர்க்கரை இறங்கிடுச்சு! இனிப்பா ஏதாவது கொண்டு வாங்க!"

உபவாச நாள் ஆனதால் டீயும் இல்லை, சீனியும் இல்லை. குளிர்பெட்டியில் ஞாயிறு நற்கருணைக்கு வாங்கி வைத்த திராட்சைச் சாறு மட்டும் இருந்தது. பாஸ்டரம்மா போத்தலைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். "இது கர்த்தருடைய பந்திக்கு..."

"கர்த்தர் கோவிச்சுக்க மாட்டார்! கொடுங்க!"

நல்லவேளை, அன்ரியால் விழுங்க முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். சிறிது நேரத்தில் கண் தெளிந்தது. எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லி, அவரை வீட்டுக்கு அழைத்துப்போகப் பார்த்தார்கள். நான் விடவில்லை. அந்த மாத்திரை இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும், சர்க்கரை மறுபடி இறங்கும் என்று சொல்லி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அன்று நான் அத்தனை பேர் முன்னால் நிறுத்தாமல் பேசினேன் என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது பாஸ்டரம்மாவிடம் எரிந்து விழுந்தேன். "இந்த வயசுல, இவ்வளவு மாத்திரையோட இவங்க எதுக்கு உபவாசம் இருக்கணும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்காகத்தான் ஹெப்சிபா. வருஷ ஆரம்பத்துல ஜெபக்குறிப்பு கேட்டப்போ நீங்க பரீட்சைன்னு சீட்டுல எழுதிப் போட்டீங்களே? அன்னையிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அன்ரி பட்டினி. போன தடவை பாஸாகலன்னு நீங்க மறுபடி சீட்டு எழுதிப் போட்டப்போ ரொம்ப அழுதாங்க."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஆளைக் காட்டும் என்று நான் கோபத்தோடு கேட்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, அந்த ஆள் எனக்காகப் பசித்திருந்தார். என் ஆண்டவரே!

மருத்துவமனையில் அன்ரியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அன்ரி?"

"உபவாசத்தைச் சொல்லிக்கொண்டு திரியிறதே பிள்ளை? அதோட உம்மை எங்க பிடிக்கிறது? ஆமென் சொல்ல முன்னம் ஓடிப்போறனீர்."

சிரித்தேன். அழுதேன். அங்கேயே, ஊருக்குப் போகும் எண்ணம் என்னை விட்டுப் போனது. அடுத்த சில நாட்கள் அன்ரி வீட்டுக் குசினியில் அவர் சமைக்க, நான் கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மருந்தாகச் சத்தமாக விளக்கினேன். "ஓம், பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு சாப்பிட்டுப் போகச் சொல்வார். தேர்வு நாள் வந்தது. அன்ரியின் மாத்திரைகளைப் பற்றித்தான் கேட்டார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை, முழுக்க வேறு மருந்துகள். ஆனால் இந்த முறை வாய் ஒட்டவில்லை. தேறிவிட்டேன். முதலில் அன்ரிக்குத்தான் போன் செய்தேன்.

இனி நர்ஸாக ஒரு வார்த்தை: மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். அன்ரிக்கு நான் தடையே போட்டுவிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஜெபிக்கிறார்.

விசுவாசியாக ஒரு வார்த்தை: யாரும் இல்லை என்று நினைக்கிற நாளிலும் அவரிடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள். உங்களுக்காக அவர் யாரை எழுப்பி வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் இப்போது நான் சாப்பிடுவதில்லை. நம் சபையில் ஒருவருக்காக ஜெபிக்கிறேன். அவரோடு நான் பேசியதே இல்லை. பெயரைச் சொல்ல மாட்டேன். இதை வாசிக்கிற நீங்களாகவும் இருக்கலாம்.

— ஹெப்சிபா, கிரான்பர்ன்