லூர்து அக்கா கேட்ட ஒரே ஒரு போன்

"டூ நைன் டூ அக்கா போயிட்டாங்களாம்..."

காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வந்தது மெசேஜ். எங்கள் பேக்டரியில் கேன்டீன் நடத்திய லூர்து அக்கா. ரெண்டு வருஷமாக டயாலிசிஸ். நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில்...

மெசேஜ் அனுப்பிய பையனுக்கு அக்காவின் சொந்தப் பெயரே தெரியாது. அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்.

அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சுங்கை லாலாங் பக்கம் எங்கள் ரப்பர் கிளவ் பேக்டரி. கேன்டீனில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், அக்கா கரண்டியோடு வந்துவிடுவார்.

"டேய், சோறு திங்கிற எடத்துல என்னா கருமத்தடா பாக்குறீங்க? அதுல இருக்கிறவளும் ஒருத்தி பெத்த புள்ளதான்லா!"

ஒருமுறை எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் பேச வந்தார். ஆபாசப் படத்தை விற்றாலும் பரப்பினாலும், ஏன், வைத்திருந்தாலும் குற்றம், சட்டப் பிரிவு 292 என்றாராம். அக்கா அதை மணிலா அட்டையில் தமிழிலும் மலாயிலும் எழுதி, நாசி லெமாக் விலைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா... அன்றைக்கே "டூ நைன் டூ அக்கா" என்று ஆரம்பித்தேன். பேக்டரி முழுக்கப் பரவிவிட்டது.

அக்கா கோபப்படவில்லை. "மூணு நம்பர்தான் இருக்கு தம்பி. இன்னொன்னு சொல்லு, நாலு நம்பர் எக்கோர் லாட்டரி எடுத்துடலாம்" என்று சிரித்தார்.

அப்புறம்தான் அந்த விஷயம் நடந்தது.

பேக்கிங்கில் வேலை செய்த ஒரு பெண். பெயர் வேண்டாம். அவளோடு பழகிப் பிரிந்த ஒருவன், அவளுக்கே தெரியாமல் எடுத்த வீடியோவை எங்கள் பந்து குரூப்பில் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு விளையாடுவது என்று பேசுவதற்காக நாங்கள் வைத்திருந்த வாட்ஸாப் குரூப் அது.

விஷயம் காதுக்கு எட்டிய நாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. அக்காதான் பாடாங் மேஹாவுக்கு அவள் வீடு தேடிப் போய், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போலீஸ் பாலாய்க்குப் போனார்.

அங்கே இன்ஸ்பெக்டர் கேட்டது ஒன்றே ஒன்று. வீடியோ யாருடைய போனில் இருக்கிறது? அவளிடம் இல்லை. அவள் அந்தக் குரூப்பிலேயே இல்லையே.

மறுநாள் பத்து மணி பிரேக்கில் அக்கா கேன்டீன் நடுவில் வந்து நின்றார். "ஒரே ஒரு போன் குடுங்கப்பா. குடுக்கிறவன ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நான் இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டுட்டேன்."

ஆளாளுக்குப் போனைப் பாக்கெட்டுக்குள் தள்ளினார்கள்.

என் போனில் அது இருந்தது. பார்த்தேன். ஒரு தடவை அல்ல. கீழே சிரிக்கிற இமோஜியும் போட்டிருந்தேன்...

வைத்திருந்தாலும் குற்றம் என்ற அட்டை எதிரிலேயே ஒட்டியிருந்தது. வேலை போகும், மனைவிக்குத் தெரிந்துவிடும், அந்த இமோஜியைப் போலீஸ் பார்க்கும். பயந்தாங்கொள்ளி நான்... டாய்லெட்டுக்குப் போய் வீடியோவை அழித்தேன். குரூப்பிலிருந்தும் வெளியேறினேன்.

திரும்பி வந்ததும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உன்ன நம்பிக் கேக்குறேன். உனக்கு வந்துச்சா?"

"நான் அந்த குரூப்ல இல்லக்கா. எப்பவோ வெளியாயிட்டேன்."

போனையும் எடுத்து நீட்டினேன். அக்கா பார்க்கவில்லை. "வேணாம்லா. நீ சொன்னா சரி."

அடுத்த நாள் கேன்டீனில் புதுச் சட்டம். போன் வருகிறவரைக்கும் ஆம்பளைங்களுக்குத் தே தாரேக் டீ கிடையாது. பேக்கிங் பெண்கள் எல்லாரும் அக்கா பக்கம். ஒருத்திகூட யாருக்கும் வாங்கிக் கொடுக்கவில்லை.

நான் போய் நின்றேன். அக்கா உள்ளே திரும்பிச் சொன்னார்: "இவனுக்கு மட்டும் ஒண்ணு போடு. இவன் அந்தக் கூட்டத்துல இல்ல."

மூன்று நாள். அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டிருக்க நான் மட்டும் தே தாரேக் குடித்தேன். ஒருத்தனும் காட்டிக் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பான், அவன் போனிலும்தானே வந்தது. சீ... எப்படித்தான் எனக்குத் தொண்டையில் இறங்கியதோ.

நாலாவது நாள் மேலிடம் அக்காவைக் கூப்பிட்டு ஏசியது. தே தாரேக் எல்லாருக்கும் கிடைத்தது. போன் வரவில்லை. கேஸ் நகரவில்லை. அந்தப் பெண் ஜோகூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். வீடியோ போட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமையே பந்து விளையாட வந்தான். நானும் விளையாடினேன்.

போன மாதம் பாக்கார் ஆராங் பாசாரில் அக்காவைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். கையில் பிளாஸ்திரி.

"மக பெரியவளாயிட்டாளா தம்பி? போன் வாங்கிக் குடுத்துட்டியா?"

"கேட்டுக்கிட்டே இருக்காக்கா."

"வாங்கிக் குடு. எதுனா ஒண்ணுன்னா பயப்படாம உன்கிட்ட வந்து சொல்லச் சொல்லு. உன்ன மாதிரி அப்பன் எல்லாப் பிள்ளைக்கும் கெடைக்குமா?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். மீன் வாங்கணும்க்கா என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

என் மனைவியும் இதை இப்போதுதான், உங்களோடு சேர்ந்து, முதல் தடவையாகப் படிக்கிறாள். அந்தப் பெண் எங்காவது இருந்து படித்தால்... மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது அம்மா.

நாளை காலை அடக்கம். வருவேன். பின்னால்தான் நிற்பேன்.

போயிட்டு வாங்கக்கா... நான் அந்த குரூப்ல இருந்தேன்.