மாமனாருக்குக் கண்ணு தெரிஞ்ச மத்தியானம்

சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சிடுங்க சார், நடுவுல வேணாம். அற்புதம், தரிசனம்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போறவன் நான். சோழவரம் பக்கம் நெல்லு பயிர் வெக்கிற குடும்பம் எங்களுது, சர்ச் பக்கம் ஒருத்தரும் போனது கெடயாது. கும்மிடிப்பூண்டில கம்பி கம்பெனிக்கு வேலைக்கு வந்த எடத்துல ஸ்டெல்லாவப் புடிச்சிப்போய் கட்டிகினேன், அவ்ளோதான்.

அவுங்கப்பாவுக்கு சுகர்ல ரெண்டு கண்ணும் போயிடுச்சு, எங்க பொண்ணு கிருபா பொறக்கறதுக்கு முன்னாடியே. தெனமும் ஜெபத்துல, "ஆண்டவரே, பேத்தி மூஞ்சிய ஒரே ஒரு வாட்டி காட்டிட்டு என்ன எடுத்துக்கும்"பாரு. நான் மனசுக்குள்ள சிரிச்சிப்பேன்.

போன வருஷம் கிட்னியும் போய், ஊட்டுக்கு இட்டுகினு போங்கன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. இட்டாந்த மூணாம் நாளு நான் ஷிப்ட் முடிச்சிட்டு வரேன், நல்ல வெயிலு, தெரு வரைக்கும் சிரிப்பு சத்தம் கேக்குது. சாவக் கெடக்கற ஊட்ல சிரிப்பான்னு உள்ள பூந்தா, மாமா தலகாணில சாஞ்சி ஒக்காந்துகினு கீறாரு. என்னப் பாத்து, ஆமா சார், பாத்து, "இன்னா மாப்ள, பட்டன மாத்திப் போட்டுகினு கீறீங்க?"ன்னாரு. குனிஞ்சி பாக்கறேன், நெசமாவே மாறித்தான் கீது.

கிருபா அவரு மடியில கீறா. "முன்பல்லு ரெண்டும் இல்லாமலே இம்மாம் அழகா கீறாளே!"ன்னு பாத்துகினே கீறாரு. ஸ்டெல்லா அழுவறாளா சிரிக்கறாளான்னே தெரில. பாஸ்டர் ஓடியாந்தாரு. மாமாவுக்குக் கண்ணு போனப்பறம் இந்த சர்ச்சுக்கு வந்தவரு அவரு. "கொரலக் கேட்டு ஆறடின்னு நெனச்சேன் ஐயா, இவ்ளோதானா நீங்க!"ன்னு மாமா சொல்ல, பாஸ்டரே வவுத்தப் புடிச்சிகினு சிரிச்சாரு. டாக்டருக்குப் போன் போட்டா, வாய்ப்பே இல்லங்கறாரு.

பொழுது சாயறப்ப எல்லாரும் பாடிகினு இருந்தோம். மாமா என் பக்கத்துல வெறும் செவுத்தப் பாத்து, "உங்கப்பாவ ஏன் மாப்ள நிக்க வெச்சிகினு கீறீங்க? சேர் போடுங்க"ன்னாரு.

எங்கப்பா என் கல்யாணத்துக்கு முன்னாடியே செத்துட்டாரு சார். ரெண்டு பேரும் பாத்துகினதே இல்ல.

"எப்டி கீறாரு மாமா?"

"காதுல கடுக்கன், தோள்ல பச்சத் துண்டு, முழங்கால் வரைக்கும் சேறு. சிரிச்சிகினு கீறாரு."

அப்பா நடவு வயல்லதான் வுழுந்து செத்தாரு. சேத்தோட இருந்த அந்தக் காலக் கழுவுனது நான். ஸ்டெல்லாகிட்ட கூட அதப் பேசுனதில்ல.

சேர் போட்டேன். மாமா கைய நீட்டி, "வாங்க சம்மந்தி, ஒண்ணாவே போலாம்"ன்னாரு. அந்தச் சிரிப்போடவே மூச்சு நின்னுச்சு.

சர்ச் வாசல மிதிக்காத எங்கப்பா பரலோகத்துல எப்டின்னு பாஸ்டரக் கேட்டேன். "அது ஆண்டவரோட ஊடு தம்பி, கதவத் தொறக்கறது அவரு வேல"ன்னு தோளத் தட்டுனாரு. எனக்கும் அது சந்தோஷந்தான், பொய் சொல்லல.

ஆனா ஒண்ணு. மாமாவ ஐஸ் பெட்டியில வெச்சிருந்து, மறுநாள் எடுக்கறப்ப அந்தக் கையத் தொட்டேன். ஒடம்பெல்லாம் சில்லுன்னு கீது. நீட்டுன அந்த ஒரு கை மட்டும் கதகதன்னு இருந்துச்சு சார், அதுவரைக்கும் யாரோ புடிச்சிகினு இருந்துட்டு உட்ட மாதிரி.