சாராளுக்குச் சொன்னாரா?

ஊரில் இருந்தபோது, மகன் ஒரு விடியற்காலையில் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போனான். அடுத்த வருடம், எண்பத்தைந்தில், நானும் இவரும் ரொறன்ரோவுக்கு மகளிடம் வந்துவிட்டோம். “உங்களிட்டச் சொல்லிப்போட்டோ போனவன்?” என்று இவரிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். “எனக்கென்ன தெரியும்?” என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், எங்கள் கட்டடத்தில் ஒரு யூத அம்மா தனியாக இருந்தார். காய்கறி வெட்டிக் கொடுக்கப் போவேன். என் அரைகுறை ஆங்கிலத்துக்காக மெல்லப் பேசுவார். ஒருநாள், கடவுள் கேட்டபடி ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன கதை வந்தது. விறகு சுமந்த ஈசாக்கு, சிலுவை சுமந்த யேசுவுக்கு முன்னடையாளம் என்று ஆதித் திருச்சபைப் பெரியவர்கள் சொன்னதைத்தான் நான் அறிவேன். அவர் வேறொன்று சொன்னார். அந்தக் கதைக்குச் சற்றுப் பின்னால் தாய் சாராளின் சாவு வருகிறது. ஏன் அப்படி வருகிறது என்று யூத வேதகுருமாரான பழைய ரபிமார் கேட்டார்களாம். மகனைக் கொண்டுபோனதைக் கேள்விப்பட்டுத்தான் அவள் உயிர் விட்டாள் என்று சிலர் விளக்கம் சொன்னார்களாம். வேதம் பேசாமல் விட்ட இடத்திலும் கேள்வி கேட்பது அவர்கள் வழக்கம் என்றார்.

கத்தியை வைத்துவிட்டு, சாராளின் கதையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

அந்த மாதச் செபக்கூட்டம் எங்கள் வீட்டில். வாசகத்தை வீட்டுக்காரர் தெரிவு செய்ய வேண்டும். வழக்கமாக இவர்தான் செய்வார். இம்முறை நான் அந்தக் கதையைக் கேட்டேன். கூட்டத்தை நடத்தியவர் விறகையும் சிலுவையையும் பற்றி அழகாகச் சொன்னார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

“ஆபிரகாம் சாராளுக்குச் சொல்லிப்போட்டோ வெளிக்கிட்டவர்?”

“அன்ரி இண்டைக்குத்தான் வாய் திறந்தவ, அதுவும் கேள்வியோட!” என்று ஒரு பிள்ளை சிரித்தாள்.

“உது வேதத்தில இல்லையே, அன்ரி,” என்றார் நடத்தியவர்.

“இல்லைத்தான். அதுதான் கேக்கிறன்.”

இவர் கையிலிருந்த செபமாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபின் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கினேன். இவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

“சொல்லிப்போட்டுத்தான் போனவன். அம்மாக்குச் சொல்லாதேங்கோ எண்டவன். நீர் தாங்கமாட்டீர் எண்டு நினைச்சன்.”

“இவ்வளவு நாளும் தாங்கிக்கொண்டுதானே நிக்கிறன்?”

அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, கதிரையை இழுத்து அவர் முன்னால் இருந்தேன்.

“வேற என்ன சொன்னவன்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ.”

“என்ர செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன்,” என்று தொடங்கினார்.