ஹஸ்திமல்ஜியின் கடைசிப் பந்தி

எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே ஹஸ்திமல்ஜி மூடுபனிக்குள் இறங்குகிறார். ஆபு மலையில் அஸ்தமனம் பார்க்கும் பாறைமுனை எங்கள் தர்மசாலையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு காலடி தூரம், நடந்து எண்ணியிருக்கிறேன். பளிங்குக் கோயில்களின் விதானங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்ட யாத்திரிகர்கள், மாலையில் சூரியனைப் பார்க்க அங்கே போய் நிற்பார்கள். சாவன் மாத மழைக்காலத்தில் தெரிவது வெறும் வெள்ளைதான், ஆனாலும் நிற்பார்கள். அவர்களைப் பந்திக்குத் திருப்பிக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. சூரியன் மறைந்தபின் எங்கள் சமணச் சமையலறையில் ஒரு பருக்கை கிடையாது. குடிக்கத் தண்ணீரும் கிடையாது.

"சூரத்! கிளம்புங்க. பாலி, பாத்தது போதும். சூரியன் நாளைக்கும் வரும், சூடா ரொட்டி வராது!"

யாருடைய பெயரும் அவருக்கு நினைவில் நிற்காது, ஊர்தான் நிற்கும். நான் சிரோஹி. ஆடி ஆவணி என்று பாராமல் குரங்குக் குல்லாய் போட்டிருப்பார். வாழைக்காய்க் கறியைப் பார்த்து யாராவது சமணர்களுக்கு விலக்கான உருளைக்கிழங்கைக் கேட்டால் முகம் மாறாமல், "கிழங்கு வேணும்னா பஜாருக்குப் போங்க. மோட்சம் வேணும்னா இங்க உக்காருங்க" என்பார். எல்லாரும் உண்டு எழுந்தபின், கடைசி ஐந்து நிமிடத்தில் அவருடைய தட்டு. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருக்கு ருசி பார்க்க நேரமிருந்ததில்லை.

என் முதுகலை ஆய்வு விதானச் சிற்பங்களைப் பற்றியது. முதல்முறை முந்நூற்றாறு நடனமாதர்களை எண்ணினேன். இரண்டாம் முறை முந்நூற்றொன்பது வந்ததால் மூன்றாம் முறை எண்ணிக்கொண்டிருக்கிறேன். தங்குவதற்கு அறை கொடுத்த ஹஸ்திமல்ஜிக்குக் கைம்மாறாக, பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சாவன் மாதத்துக்கான அஸ்தமன அட்டவணை ஒன்றைத் தயாரித்து உணவுக்கூடச் சுவரில் ஒட்டினேன். சிவப்பு மையில் கோடு, கறுப்பு மையில் எண், கீழே மூன்று அடிக்குறிப்பு. அன்றிலிருந்து மேகம் விலகவேயில்லை. அதனால் ஊருக்கே சூரியன் என் அட்டவணைதான். அந்த வாசகத்தை நானே இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று அட்டவணைப்படி ஏழு பதினாறு. சூரத்திலிருந்து வந்திருந்த மருமகள் ஒருத்தி கைப்பேசியை நீட்டினாள். "காகாசா, இதுல ஏழு இருபத்தஞ்சுன்னு காட்டுதே?"

"போன் ஆயிரம் சொல்லும்மா. சுவர்ல இருக்கறது சிரோஹி படிச்சு எழுதினது. கீழ குறிப்பெல்லாம் போட்டிருக்கு, பாரு."

"மலைமேல் சிக்னல் சரியா இருக்காது" என்று நானும் அருள்பாலித்தேன்.

ஏழு பதினாறுக்கு ஹஸ்திமல்ஜி, பாறைமுனையிலிருந்து கடைசி ஆளைத் துரத்திவந்த மூச்சிரைப்போடு சுவரைப் பார்த்தார். அவருடைய தட்டில் நான்கு ரொட்டி, பாசிப்பருப்பு, கறி எல்லாம் தொடப்படாமல் இருந்தன. கை கூப்பி, கண்ணை மூடி, மறுநாள் காலைவரை உணவும் நீரும் இல்லை என்ற விரதவாக்கியத்தைச் சொன்னார். அவருக்குத் துணையாகப் பசியோடு காத்திருந்த நானும் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். பந்தியில் மிஞ்சியதெல்லாம் ஏற்கெனவே மாட்டுக்குப் போய், பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது; அவருடைய தட்டு மட்டும்தான் மிச்சம்.

அப்போதுதான் லீலாபென் வாசலில் வந்து நின்றார். பாலன்பூர்க்காரர், ஒருநாள் முழுப் பட்டினி, மறுநாள் உணவு என்று வருஷ விரதத்தில் ஐந்தாவது மாதம். நேற்றுப் பட்டினி. நாளையும் பட்டினி. இன்று காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு தம்ளர் பால்தான். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் மூன்று மணி நேரம் நின்றுவிட்டதாம்.

"நேரம் ஆயிடுச்சா, பாய்?"

ஹஸ்திமல்ஜி சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் முந்தி வந்திருக்கலாம், பாலன்பூர்" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"பரவால்ல பாய். எனக்குக் கொடுத்து வெச்சது இவ்வளவுதான்." லீலாபென் சுவரைப் பிடித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். விரதவாக்கியத்துக்காகக் கைகளைக் கூப்பப் போனார்.

அந்தக் கணத்தில் மேகம் கிழிந்தது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து அட்டவணையின்மீதே விழுந்தது. சமவெளியின் விளிம்புக்கு மேலே சூரியன், தட்டுப்போல முழுசாக, அவசரமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. நான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். அதில் ஊருக்கு ஒரு பத்தி. ஆபுவுக்கு ஏழு இருபத்தைந்து. நான் மாதம் முழுவதையும் மிகுந்த கவனத்தோடு, ஒரு எண்கூடப் பிசகாமல், ஜெய்ப்பூர்ப் பத்தியிலிருந்து நகலெடுத்திருந்தேன்.

"கையக் கூப்பாதீங்க!" என்று ஹஸ்திமல்ஜி போட்ட சத்தத்தில் லீலாபென்னின் கைகள் பாதியில் நின்றன. தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினார். "நான் தொடல. சாப்பிடுங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

"உங்க தட்டாச்சே, பாய்?"

"எனக்கு ராத்திரி ஆயிடுச்சு. உங்களுக்கு இன்னும் ஆகல."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். இருபது நாளாக எத்தனை பேரை அரைவயிற்றோடு எழுப்பியிருப்போம் என்ற கணக்கு வேறு தலைக்குள் தானாக ஓடத் தொடங்கியது. அவர் என் பக்கமே திரும்பவில்லை. வாசலுக்குப் போய், கையை நேராக நீட்டி, சூரியனின் அடிவிளிம்புக்கும் சமவெளிக்கும் நடுவே ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு விரல் நேரம் இருக்கு. நிதானமா."

உள்ளே லீலாபென் இரண்டாவது ரொட்டியைப் பிய்த்தார். தொண்டையில் அடைத்து இருமினார். மூன்றாவதை அவசரமாகச் சுருட்டினார்.

"அவசரப்படாதீங்க. மென்னு சாப்பிடுங்க" என்றார் ஹஸ்திமல்ஜி வாசலிலிருந்தே.

சூரியன் இறங்கியது. விரல் இப்போது இடைவெளியில் அடங்கவில்லை. ஹஸ்திமல்ஜி திரும்பித் தட்டைப் பார்த்தார். அதில் இன்னும் ஒரு ரொட்டி இருந்தது. நீட்டிய கையை இறக்காமல் ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு, சுண்டுவிரலை நீட்டினார்.