பிடிக்காமல் விட்ட தீவுகள்

என் மனைவி கணக்கில் எம்.எஸ்சி. படித்தவள். அமெரிக்கா வந்து டிபென்டன்ட் விசாவில் ஒன்பது வருடம் வீட்டிலேயே இருந்தாள். வொர்க் பெர்மிட் வந்ததும் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஒரு நூலகத்தில், ஆறு மாத கான்ட்ராக்ட். பழைய போர்க்காலக் காகிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ண வேண்டும். படித்த படிப்புக்கு இதுவா என்று எனக்கு உள்ளூர வருத்தம்.

முதல் நாள் மாலை ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"ஏங்க, அசோர்ஸ்னு தீவு இருக்கு, தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அட்லான்டிக் நடுவுல. போர்ச்சுகலோடது. வேர்ல்ட் வார்ல அவங்க நியூட்ரல். ஆனா ஜெர்மன்காரன் அங்க போய் நேவல் பேஸ் போட்டுட்டா வம்புன்னு, அதுக்கு முன்னாடி நாமளே பிடிச்சிடலாமான்னு இந்த அமெரிக்காக்காரங்க பிளான் போட்டிருக்காங்க."

அதன்பின் தினமும் அதே பேச்சுதான். எந்தக் கரையில் இறங்குவது, துறைமுகம் எவ்வளவு ஆழம், எத்தனை கப்பல் வேண்டும்.

"அத்தனை பேருக்குக் குடிதண்ணி எங்கேர்ந்து வரும்னு ஒருத்தர் கணக்குப் போட்டிருக்கார். ஒரு இடத்துல கூட்டல் தப்பு. நான் கண்டுபிடிச்சேன்."

"சொன்னியா?"

"யார்கிட்டங்க சொல்றது? அவர் இப்ப இருக்கவா போறார்!"

போகப் போக அவள் தீவுக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிட்டாள். "பாவம், அதுங்க பாட்டுக்கு மாடு மேய்ச்சிட்டு இருந்திருக்கும். இங்க அமெரிக்காவுல அவங்க ஊர் மேப்பை விரிச்சு வெச்சிருக்காங்கன்னு தெரியவா போகுது?"

முடிவை கூகுள் பண்ணக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் ஸ்கேன் பண்ணிய வரைக்கும்தான் கதை. ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, மேஜைக்கு அடியில் போனை வைத்துத் தேடிப் படித்துவிட்டேன்.

அன்று மாலை நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "இன்னிக்கு எல்லா லிஸ்ட்டும் ரெடி. ஆர்டர் வந்தா கிளம்ப வேண்டியதுதான்" என்றாள்.

"ம்ம்."

சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "பார்த்துட்டீங்களா?"

"என்னத்தை?"

"தினமும் 'ஐயையோ, அப்புறம்?'னு கேப்பீங்க. இன்னிக்கு வெண்டைக்காயைப் பார்த்து ம்ம்ங்கறீங்க."

இரண்டு நாள் சாப்பாடு போட்டாள், வேறு எல்லாம் பேசினாள், தீவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது வருடமாக ஆபீஸ் கதையோடு வீட்டுக்கு வந்தவன் நான். மேனேஜர் சொன்னது, கிளையன்ட் கத்தியது, எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டவள் அவள். இப்போதுதான் அவளிடம் சொல்ல ஒரு கதை இருந்தது. அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் போய் நின்றேன். "ஸாரி. எனக்கு முடிவு மட்டும்தான் தெரியும். எப்படி அங்க வந்து சேர்ந்துச்சுன்னு தெரியாது. நீ சொன்னாத்தான் உண்டு."

"இனிமே தொடுவீங்களா போனை?"

"மாட்டேன்."

கடைசிப் பெட்டிக் காகிதங்களும் ஸ்கேன் ஆகி முடிந்த சனிக்கிழமை, காபியோடு எதிரில் உட்கார்ந்து, எனக்கு எதுவுமே தெரியாதது போல முழுக்கச் சொன்னாள். பல நூறு வருடத்துப் பழைய நட்பு ஒப்பந்தம் ஒன்றை வெளியே எடுத்து, அமெரிக்காவின் கூட்டாளியான பிரிட்டன் தீவில் தளம் போட இடம் கேட்டது. போர்ச்சுகல் இழுத்தடித்து, பேரம் பேசி, கடைசியில் சம்மதித்தது. "ஒரு குண்டு வெடிக்கலைங்க. பேசியே முடிச்சுட்டாங்க!" அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ அவளே நடுவில் உட்கார்ந்து பேசி முடித்துவைத்த மாதிரி. "ஐயையோ, நிஜமாவா?" என்றேன். நடிப்பு என்று தெரிந்தும் சிரித்தாள்.

கான்ட்ராக்ட் முடிகிற வாரத்தில் அவளை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்தே போன் பண்ணினாள். ஹலோவுக்குப் பிறகு கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. என்னவோ ஏதோ என்று பதறிப்போய், நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியேவிட்டேன்.